19 நாள் குறையுது, தம்பி

பணத்தாளில் படம் ஏறிவிட்ட மனிதரைப் பற்றிச் சிரிக்க யாருக்கும் வாய் வருவதில்லை. பிலிப்பைன்ஸின் பெனிக்னோ அக்கினோ ஜூனியர் 500 பெசோ நோட்டில் ஏறினார். மணிலா விமான நிலையத்துக்கும் அவர் பேரை வைத்தார்கள். அதோடு 'நினாய்' என்று ஊரே செல்லமாகக் கூப்பிட்ட ஆசாமி போய்விட்டார். தியாகி மட்டும் மிஞ்சினார். தியாகிக்கு மரியாதை செலுத்த ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நமக்கு வேண்டியது அதற்கு முந்தின ஆள்: ஒட்ட வெட்டிய கிராப்பு, தடித்த கண்ணாடி, பூசினாற்போல் உடம்பு, நிறுத்தாத வாய். எதிலும் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்க வேண்டும் என்ற தீராத அவசரம்.

அந்த அவசரத்துக்கு முதல் சாட்சி அவர் மனைவிதான். கோரி கொஹுவாங்கோவை நினாய் முதலில் பார்த்தது ஒன்பது வயதில், தன் அப்பாவின் பிறந்தநாள் விருந்தில். பையன் பேசியதெல்லாம் ஒரே விஷயம்: பள்ளிக்கூடத்தில் நான் உன்னைவிட ஒரு வகுப்பு மேலே. இந்த அலட்டலைக் கேட்டு அவனோடு பேசவே பிடிக்கவில்லை என்று கோரி பின்னாளில் சொல்லியிருக்கிறார். இருவருக்கும் வயது வித்தியாசம் இரண்டே மாதம். நினாய் பிறந்தது 1932 நவம்பர் 27, கோரி 1933 ஜனவரி 25.

நவம்பர் 27 என்ற அந்தத் தேதியை மட்டும் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிலிப்பைன்ஸ் தேர்தல்கள் அந்தக் காலத்தில் நவம்பர் மாதத்தின் முதல் பாதியில் வரும். நம்மாளின் பிறந்தநாள் இரண்டாம் பாதியில். இந்தக் கதையின் வில்லன், பின்னாளில் ஜனாதிபதியான மார்க்கோஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ காலண்டர்தான் என்று படுகிறது.

குடும்பத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தாத்தா செர்வில்லானோ அக்கினோ புரட்சிப் படையில் ஜெனரல். ஸ்பெயின்காரனையும் எதிர்த்தார், அப்புறம் வந்த அமெரிக்கக்காரனையும் எதிர்த்தார். பிடித்து பிலிபிட் சிறையில் போட்டுத் தூக்குத் தண்டனை என்றார்கள். பிறகு மன்னிப்புக் கொடுத்து விட்டுவிட்டார்கள். மனிதர் அலட்டிக்கொள்ளாமல் 1959 வரைக்கும் உயிரோடு இருந்து பேரனின் கூத்துகளில் பாதியைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அப்பா பெனிக்னோ சீனியர் வேறு ரகம். எம்.பி., செனட்டர், அமைச்சர் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். யுத்தத்தின்போது ஜப்பான்காரன் வந்து குடியரசு என்று ஒன்று வைத்தான். அதன் சட்டமன்றத்துக்கு இவர் சபாநாயகர். யுத்தம் முடிந்ததும் அமெரிக்கர்கள் தோக்கியோவின் சுகாமோ சிறையில் வைத்தார்கள், ஊருக்குக் கொண்டுவந்து தேசத் துரோக வழக்குப் போட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்க, ஜாமீனில் வெளியே இருந்தவர் 1947 டிசம்பரில் மணிலாவில் குத்துச்சண்டை பார்க்கப் போனார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு. தீர்ப்பு வருவதற்குள் குற்றவாளிக் கூண்டையும் காலி செய்துவிட்டார், இருக்கையையும் காலி செய்துவிட்டார்.

நினாய்க்கு அப்போது 15. தாத்தா வழியில் வீரன் பட்டம், அப்பா வழியில் துரோகி பட்டம். இரண்டையும் ஒரே இன்ஷியலில் சுமக்கிற பையன் என்ன செய்வான்? சீக்கிரமாகத் தன் பேரில் ஏதாவது சம்பாதித்தாக வேண்டும்.

17 வயதில் 'மணிலா டைம்ஸ்' பத்திரிகை அவனைக் கொரியப் போருக்கு நிருபராக அனுப்பியது. பிலிப்பைன்ஸ் 1950-இல் அங்கே ஒரு படைப்பிரிவை அனுப்பியிருந்தது. மற்ற பிள்ளைகள் கல்லூரிக்கு மட்டம் போட்டு சினிமாவுக்குப் போன வயதில் இந்தப் பையன் மட்டம் போட்டுப் போர்முனைக்குப் போனான். இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சபாநாயகர் மகன் என்ற அடையாளம் பத்திரிகை ஆபீஸ் வாசலைத் திறக்கும்; கொரியாவின் குளிரில் பதுங்குகுழியைக் கதகதப்பாக்காது. பழைய 500 பெசோ நோட்டை உற்றுப் பாருங்கள், அவர் முகத்தைத் தவிர ஒரு டைப்ரைட்டரும், அவர் பேர் போட்ட கொரியச் செய்தி ஒன்றும் அச்சாகியிருக்கும். நிருபரின் செய்தி பணத்தாளில் மறுபதிப்பு கண்டது உலகத்தில் வேறெங்கே நடந்தது? நமக்கெல்லாம் சன்மானமே தாமதமாகத்தான் வருகிறது.

ஊர் திரும்பினால் ஜனாதிபதி கிரினோ கூப்பிட்டு மார்பில் பதக்கம் குத்தினார். வயது 18. அந்த வயதில் பதக்கம் வாங்கியவனுக்கு அப்புறம் வகுப்பில் உட்காரப் பிடிக்குமா? பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். படித்ததைவிட அங்கே உப்சிலோன் சிக்மா ஃபி என்ற மாணவர் சங்கத்தில் சேர்ந்ததுதான் முக்கியம். அதே சங்கத்தின் பழைய உறுப்பினர், இவரைவிட 15 வயது மூத்தவர், வடக்கே இலோகோஸ் பக்கத்துக்காரர்: ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ். பின்னாளில் இவரைச் சிறையில் போட்ட அண்ணனும் சங்கச் சகோதரன்தான். அந்தக் காலத்தில் மணிலாவுக்கு வந்திருந்த இமெல்டா ரொமுவால்டெஸ் என்ற அழகியோடு நினாய் கொஞ்ச நாள் சுற்றினார் என்றும், பெண் தன்னைவிட உயரம் என்று நழுவிவிட்டார் என்றும் ஊர்ப்பேச்சு உண்டு. இமெல்டா பிறகு யாரைக் கட்டிக்கொண்டார் என்பது உலகறிந்த விஷயம்.

அடுத்த சாகசம் 1954-இல். மத்திய லூசோனில் ஹுக் கெரில்லாக்கள். ஜப்பான்காரனை எதிர்க்க 1942-இல் துப்பாக்கி எடுத்த விவசாயிகள், யுத்தம் முடிந்தும் கீழே வைக்கவில்லை. பண்ணையார்களும் மாறவில்லை, பிறகு எதற்கு வைப்பது? தலைவர் லூயிஸ் தாருக். ஜனாதிபதி ராமோன் மகசேசே (எம்.எஸ். சுப்புலட்சுமி வாங்கிய விருது இவர் பேரில்தான்) தாருக்கோடு பேச 21 வயதுப் பையனை அனுப்பினார். நினாய் மலைப்பக்கம் போனார், வந்தார், மறுபடி போனார். நான்கு மாதம் இந்தத் தூது. மே மாதத்தில் தாருக் இறங்கி வந்தார். தாருக் சமாதானம் பேச வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். அரசாங்கம் சரணடைந்துவிட்டதாக எழுதிக்கொண்டது. விளைவு, தாருக்குக்குச் சிறை, தூதனுக்கு இரண்டாவது பதக்கம். தாருக்கை மன்னித்து வெளியே விட்ட புண்ணியம் 1968-இல் மார்க்கோஸுக்குக் கிடைத்தது. விளம்பரத்துக்கு வாய்ப்பு என்றால் அந்த மனிதர் விடமாட்டார்.

தூது முடிந்த அதே 1954 அக்டோபரில் கல்யாணம். பள்ளிக்கூட அலட்டலைப் பொறுத்துக்கொண்ட கோரியேதான் மணப்பெண். நியூயார்க்கில் கல்லூரிப் படிப்பு முடித்து வந்தவர். தார்லாக் மாகாணத்திலேயே பெரிய பணக்காரக் குடும்பம். கல்யாணத்துக்கு முன்நின்ற பெரியவர்களில் ஜனாதிபதி மகசேசேயும் ஒருவர். மணமகனின் தாத்தா ஜெனரல், அப்பா சபாநாயகர், மாமனார் கோடீஸ்வரர், ஞானத்தந்தை ஜனாதிபதி. இதற்கப்புறமும் ஒருவன் சொந்தக் காலில் நின்று முன்னுக்கு வந்தான் என்று பேசினால், எத்தனை கால் என்று கேட்க வேண்டாமா?

சரி, இப்போது காலண்டர் களத்தில் இறங்குகிறது.

1955 நவம்பர் 8. சொந்த ஊரான கான்செப்சியோனில் மேயர் தேர்தல். நினாய் நின்றார், ஜெயித்தார். 22 வயதில் மேயர் என்று பத்திரிகைகள் கொண்டாடின. பத்திரிகை படிப்பவர்களில் எதிர்த்து நின்ற நிக்கோலாஸ் ஃபெலிசியானோவும் உண்டு. கொண்டாட வேண்டிய அந்த எண்ணே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். நகராட்சிப் பதவிக்குக் குறைந்தது 23 வயது ஆகியிருக்க வேண்டும். நவம்பர் 8-க்கும் நவம்பர் 27-க்கும் இடையே விரல் விட்டு எண்ணினார். 19 நாள் குறைந்தது.

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. நினாய் தரப்பு வாதம் லேசுப்பட்டதல்ல. பதவி ஏற்பது அதற்குப் பிறகுதானே, அன்றைக்குப் பையனுக்கு 23 முடிந்திருக்குமே, ஓட்டுப் போட்ட அன்று எத்தனை வயது என்பது யாருக்கு முக்கியம்? கோர்ட் மசியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறி, 1957 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: தேர்தல் நாளன்று வயது இருந்திருக்க வேண்டும், எனவே தேர்வு செல்லாது. இதில் ரசிக்க வேண்டியது, நீ சின்னப்பையன் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லி முடித்த நாளில் பையனுக்கு 25 ஆக இரண்டே மாதம். மேயர் நாற்காலியின் வயது வரம்பை எப்போதோ தாண்டி, ஒரு குழந்தைக்கு அப்பாவும் ஆகியிருந்தார்.

அந்த வீட்டில் கோரியின் நிலைமை தனிக்கதை. நியூயார்க்கில் பிரெஞ்சு இலக்கியம் படித்த பெண், கான்செப்சியோனில் வந்து போகிற கட்சிக்காரர்களுக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். கூடத்தில் கணவர் பேசுவார், பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார்; கோரி தட்டோடு வந்து போவார். அரசியல் எதுவும் தெரியாத குடும்பத்தலைவி என்று அவரைப் பிற்பாடு மார்க்கோஸ் ஏளனம் செய்தார். காபி கொண்டுபோகிறவருக்குக் காது இருக்கும் என்பதை இருவருமே கணக்கில் வைக்கவில்லை.

மேயர் வேலைக்கு வேட்டு விழுந்தால் என்ன, மாமனார் இருக்கிறார். ஹோசே கொஹுவாங்கோ அந்தச் சமயத்தில்தான் ஹசியெண்டா லுயிசிட்டா என்ற கரும்புத் தோட்டத்தை ஸ்பானியக் கம்பெனியிடமிருந்து வாங்கியிருந்தார். தோட்டம் என்றதும் வேலி போட்ட நாலு ஏக்கரை நினைக்க வேண்டாம். ஏறத்தாழ 6,400 ஹெக்டேர், சர்க்கரை ஆலையோடு. அரசாங்க நிதியிலிருந்து கடன், அரசாங்கத்தின் மத்திய வங்கி நின்ற ஜாமீன். பத்து வருஷத்தில் நிலத்தைச் சிறு விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது என்று ஒரு நிபந்தனையும் பேசப்பட்டது. மாப்பிள்ளை நினாய் 1958-இல் அதன் நிர்வாகி. நாலு வருஷத்துக்கு முன்னால்தான், நிலம் இல்லாதவன் துப்பாக்கி தூக்கியது ஏன் என்று தாருக்கோடு உட்கார்ந்து விடிய விடியப் பேசியவர்! இப்போது அதே மத்திய லூசோனில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு முதலாளி. நன்றாகத்தான் நடத்தினார் என்கிறார்கள், இருக்கலாம். பத்து வருஷ நிபந்தனை மட்டும் பத்து வருஷத்திலும் நிறைவேறவில்லை, இருபதிலும் நிறைவேறவில்லை. 2012-இல் உச்ச நீதிமன்றம் இறுதியாக உத்தரவு போட்டபோது நாட்டின் ஜனாதிபதி நினாயின் மகன்.

1959-இல் தார்லாக் மாகாணத்தின் துணை ஆளுநர். 1961-இல் ஆளுநர் நாற்காலி காலியாக, ஏறி உட்கார்ந்தார், வயது 29. 1963-இல் தேர்தலிலும் ஜெயித்தார். இதற்கிடையில் கட்சி மாறினார். மேயரானது நாசியோனலிஸ்தா கட்சியில். ஜனாதிபதியின் மலாக்கன்யாங் மாளிகைக்கு லிபரல் கட்சியின் மகபகால் வந்ததும் நினாய்க்கும் லிபரல் கொள்கைகள் திடீரென்று விளங்க ஆரம்பித்தன. அங்கே அது குற்றமில்லை. ரோடு, பாலம், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் பணம் மணிலாவிலிருந்து வர வேண்டும். ஜனாதிபதி மனது வைத்தால்தான் வரும். ஆளுங்கட்சியில் இல்லாத ஆளுநருக்குத் திறந்துவைக்க நாடாவும் மிஞ்சாது, கத்திரிக்கோலும் மிஞ்சாது.

வேடிக்கை என்னவென்றால் எதிர்த்திசையில் இன்னொருவர் மாறிக்கொண்டிருந்தார். லிபரல் கட்சித் தலைவராகவே இருந்த மார்க்கோஸ், மகபகால் இரண்டாம் முறையும் தானே நிற்பேன் என்றதும் 1964-இல் நாசியோனலிஸ்தாவுக்குத் தாவி, 1965-இல் அவரைத் தோற்கடித்து ஜனாதிபதியானார். சங்கச் சகோதரர்கள் வழியில் சந்தித்துத் துண்டை மாற்றிக்கொண்டது போல. நினாய் கட்சி மாறிச் சேர்ந்த கொஞ்ச நாளில் அது எதிர்க்கட்சியாகிவிட்டது. அவசரக்காரருக்கு நடக்கிற அநியாயம் இதுதான். 1966-இல் அதன் பொதுச்செயலாளரானார். அடுத்து செனட்.

செனட்டில் எட்டு இடத்துக்கு 1967 நவம்பர் 14 அன்று தேர்தல். தேசம் முழுவதும் ஒரே தொகுதி, மார்க்கோஸ் அரசாங்கம் முழுப் பலத்தோடு. லிபரல் கட்சிப் பேரில் நின்றவர்களில் கரையேறியவர் நினாய் ஒருவரே. அதுவும் ஓட்டு எண்ணிக்கையில் இரண்டாம் இடம். அத்தனை பேரும் மூழ்கும்போது ஒருவர் மட்டும் மிதந்தால் கோபம் வராதா? ஆளுங்கட்சி வட்டாரத்தில் யாரோ பழைய கான்செப்சியோன் வழக்கை ஞாபகம் வைத்திருந்தார்கள். செனட்டருக்குக் குறைந்தபட்ச வயது 35. நவம்பர் 14, நவம்பர் 27. மறுபடி விரல் விட்டார்கள்.

13 நாள்!

ஒருமுறை நடந்தால் கவனக்குறைவு. அதே தப்பை 12 வருஷம் கழித்து, சட்டம் படித்த, கட்சியின் பொதுச்செயலாளரான ஒருவர் மறுபடி செய்தால் அதற்கு என்ன பேர்? என் அபிப்பிராயம், அவர் தப்பே செய்யவில்லை. தெரிந்துதான் நின்றார். அடுத்த செனட் தேர்தல் 1969-இல். இரண்டு வருஷம் சும்மா இருக்க வேண்டும் என்பது அந்த மனிதரின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. தவிர 19, 13 ஆகியிருக்கிறதே, முன்னேற்றம்தானே!

இந்த முறை வாசகம் கொஞ்சம் தயவு காட்டியது. 1935 அரசியல் சாசனம் தேர்தல் நாளன்று என்று எழுதாமல், தேர்ந்தெடுக்கப்படும் சமயத்தில் 35 என்று எழுதியிருந்தது. சமயம் என்பது எது? ஓட்டுப் போட்ட நாளா, ஓட்டை எண்ணி ஜெயித்தார் என்று அறிவித்த நாளா? அறிவிப்பு வருவதற்குள் நினாய் பிறந்தநாள் கேக் வெட்டியாகிவிட்டது. செனட் தேர்தல் தீர்ப்பாயத்தில் மூன்று நீதிபதிகள், ஆறு செனட்டர்கள். அவர்கள் கூடிப் பேசி, அறிவித்த நாளன்று வயது இருந்தால் போதும் என்றார்கள். மேயர் வேலைக்குச் செல்லாத வாதம் செனட்டர் வேலைக்குச் செல்லுபடியானது. நாட்டு வரலாற்றில் மிக இளைய செனட்டர் என்று பேர் வாங்கினார்!

இதற்கு ஒரு பின்குறிப்பு உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. இருபது வருஷம் கழித்து நாட்டுக்குப் புது அரசியல் சாசனம் எழுதினார்கள். செனட்டர் வயது விதியில் ஓட்டையை அடைத்து, 'தேர்தல் நாளன்று' என்று தெளிவாகவே போட்டுவிட்டார்கள். வருஷம் 1987. ஜனாதிபதி, கோரி அக்கினோ.

உள்ளே போனவர் சும்மா இருந்தாரா? புது செனட்டர் கொஞ்ச நாள் வாயைப் பொத்திக்கொண்டு மரபு பழக வேண்டும் என்பது மரியாதை. நினாய் 1968 பிப்ரவரி 5-ஆம் தேதியே எழுந்து, மார்க்கோஸ் நாட்டை ராணுவக் கொட்டடியாக மாற்றப் பார்க்கிறார் என்று வெளுத்தார். அடுத்த மாதமே, மலேசியாவின் சபா மாநிலத்துக்குள் ஊடுருவ முஸ்லிம் இளைஞர்களுக்கு ரகசியப் பயிற்சி கொடுத்த ஜபிதா விவகாரத்தைத் தோண்டினார். மறு வருஷம் இமெல்டா கட்டிக்கொண்டிருந்த கலாச்சார மாளிகைமேல் பாய்ந்து, அம்மையாரை அர்ஜென்டினாவின் ஏவா பெரோனோடு ஒப்பிட்டார். உயரத்தைக் காரணம் காட்டி நழுவியவர், பிறகு கட்டடத்தின் உயரத்தையும் விடவில்லை. மார்க்கோஸ் பதிலுக்கு, இவன் பிறவிப் பொய்யன் என்றார். பிறவி விஷயத்தில் இந்த ஆள்மேல் யாருக்கு என்ன புகார் இருந்தாலும், பிறந்த தேதியைத் தவிர வேறெதுவும் கோர்ட் ஏறவில்லை.

வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் அவர் தாமதமாகப் போனார். 1971 ஆகஸ்ட் 21, மணிலாவின் மிராண்டா சதுக்கத்தில் லிபரல் கட்சிக் கூட்டம். மேடைமேல் கையெறிகுண்டுகள் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள்; மேடையிலிருந்த வேட்பாளர்கள் எல்லோருக்கும் காயம். நினாய் ஒரு விருந்துக்குப் போயிருந்தார், வந்து சேரவில்லை. எப்போதும் முந்திக்கொள்கிறவன் அன்றைக்கு மட்டும் ஏன் பிந்தினான் என்று மார்க்கோஸ் தரப்பு கேட்ட கேள்வி கடைசிவரை அவரை விடவில்லை.

இனி மிச்சம் ஒரே பதவி. ஜனாதிபதிக்குக் குறைந்தபட்ச வயது 40. அடுத்த தேர்தல் 1973 நவம்பரில். 1972 நவம்பர் 27-ஆம் தேதி நினாய்க்கு 40. அதாவது பெரிய தேர்தல் ஒன்றுக்கு, முதன்முறையாக, கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்னதாகவே வயது வந்தவராக நிற்கப் போகிறார். விரல் விட்டு எண்ண யாருக்கும் வேலையில்லை. தொடர்ந்து எட்டு வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சாசனம் சொன்னதால் மார்க்கோஸ் நிற்கவும் முடியாது. எல்லாம் கூடி வந்தது.

எனவே மார்க்கோஸ் தேர்தலையே எடுத்துவிட்டார். 1972 செப்டம்பர் 23, நள்ளிரவு தாண்டிய நேரம். மணிலா ஹில்டன் ஹோட்டல் அறையில் காங்கிரஸின் இரு சபைக் கூட்டுக் குழு சுங்கவரிச் சட்டத்தைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தது. எந்தச் சரக்குக்கு எத்தனை சதவீதம் என்ற விவாதத்தின் நடுவே ராணுவம் வந்து நினாயைக் கூட்டிப்போனது. ராணுவச் சட்டத்தின் முதல் கைதிகளில் ஒருவர். மக்களுக்கு விஷயம் தெரிந்தது அன்று மாலை, மார்க்கோஸ் தொலைக்காட்சியில் வந்தபோதுதான். 40-ஆவது பிறந்தநாள் போனிஃபாசியோ கோட்டைச் சிறையில்.

1973 ஜனவரியில் மார்க்கோஸ் புது சாசனம் கொண்டுவந்தார். அதில் ஜனாதிபதிக்குக் குறைந்தபட்ச வயது 50. பிறகு ஒருவழியாக 1981 ஜூனில் ஜனாதிபதித் தேர்தல் நடத்தினார். அப்போதும் 50-தான், அதுவும் தேர்தல் நாளன்று. நினாய் அப்போது சிறையிலிருந்து வெளியே வந்து அமெரிக்காவில், பாஸ்டன் பக்கம். வயது 48. குறைந்தது ஏறத்தாழ ஒன்றரை வருஷம். மார்க்கோஸும் சட்டம் படித்தவர், பார் பரீட்சையில் முதலாவதாகத் தேறியவர். பையனை நாள் கணக்கில் தடுத்தால் தாண்டிவிடுவான் என்று தெரிந்து வருஷக் கணக்கில் வேலி போட்டார்.